கரையில் நடக்க ஒரு கோட்டு

ஆற்றங்கரை நுழைவாயிலில் நிற்கும் போர்டின் வாசகம் நான் எழுதியது. ‘இந்தக் கரைப்பாதை எல்லோருக்கும் பொது. யாரும் வரலாம், நடக்கலாம், உட்காரலாம்.’ ஆள் உயரப் போர்டில் பச்சை வண்ணத்தில் அந்த எழுத்துகள் நின்றபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். என் வாக்கியத்தைப் பார்ப்பதற்கென்றே அம்மாவை சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. விரல் வைத்துப் படித்துக்காட்டினேன்.

அம்மா போர்டைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டியைப் பார்த்தாள்.

“போர்டுல போட்டிருக்கும். கேட்டுல குந்திகினு இருக்கறவன் போர்டைப் படிச்சிகினா குந்திகினு இருக்கான்?” என்றாள்.

நெய்வேலியைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கம் எங்கே போனாலும் கடைசியில் ஒரு கேட்டு இருக்கும். சுரங்கத்துக்குக் கேட்டு, பவர் ஹவுஸுக்குக் கேட்டு, ஒர்க்ஷாப்புக்குக் கேட்டு. பெர்மனென்ட்காரர் பாஸ் ஒரு நிறம், காண்ட்ராக்ட்காரர் பாஸ் ஒரு நிறம். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை வாரிப் போடும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் அவருடைய பாஸை வாங்கி மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் அம்மாதான் மாட்டுவாள். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட விடமாட்டாள்.

எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது நான் கைக்குழந்தையாக இருந்தபோது. சுரங்கக் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் நகரியத்துக்கு வெளியே மனை அளந்துகொடுத்த காலனியில் வந்து குடியேறினோம். வந்த புதிதில் அம்மா ஒருநாள் பழைய கொல்லைக்கு விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். நிலத்தில் இன்னும் மண்வெட்டும் யந்திரம் இறங்கவில்லை, எங்கள் முந்திரி மரங்கள் அப்படியே நின்றன. ஆனால் கம்பிவேலி வந்துவிட்டது. பாஸ் எங்கே என்று ஒருவன் கேட்டிருக்கிறான். சொந்த மரத்தின் சுள்ளியை அவன் காலடியில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். இதை ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள், அதுவும் அரிசி களைந்துகொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போல.

கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் மழை நின்றால் ஆறு நிற்கும். எங்கள் ஆற்றில் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீரும் சேருவதால் கோடையிலும் ஓடும். அப்படி ஓடும் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. வீடு இடித்த கற்களையும் கோழிக்கடைக் கழிவையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். ‘தானே’ புயல் அடித்தபோது இருந்த நல்ல மரங்களும் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு கரை மண் மழைக்கு மழை ஆற்றில் சரிந்துகொண்டே இருந்தது. அந்தக் கரையை நகரியத்தின் ஓரத்திலிருந்து ஏரி வரைக்கும் பசுமையாக்குவது என்று ஒரு சிறிய அமைப்பு வேலை எடுத்தது. ஒரு கரையில் மனிதர்கள் நடக்க மண்பாதை. எதிர்க்கரையில் மனிதர்களுக்கு வேலையில்லை. அது பறவைகளுக்கும் பிராணிகளுக்கும். நான் தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். களப் பணியாளராக எடுத்துக்கொண்டார்கள். டெம்பரரிதான். ஆனால் கழுத்தில் மாட்டிக்கொள்ள எனக்கும் ஒரு அட்டை வந்தது.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் காண்ட்ராக்டில் எங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்தார்கள். அம்மாவும் சேர்ந்தாள். எனக்குத் தெரியாது. முதல் நாள் காலையில் வரிசையாக நின்றவர்களுக்கு ஆரஞ்சு நிறக் கோட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மின்னும் பட்டை போட்டது, புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் நின்ற ஆள் கோட்டைத் தலைவழியாக இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அம்மாவாக இருந்தாள்.

“வணக்கம் மேடம்” என்றாள்.

கூட இருந்தவர்கள் குடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கரையில் இருக்கும் வரை நான் அம்மாவுக்கு மேடம்தான். வேண்டுமென்றேதான் அப்படிக் கூப்பிட்டாள், அதில் கிண்டலும் இருந்தது, ஆசையும் இருந்தது. ஒருத்தி கேட்பாள்: “யக்கா, உங்க மேடம் வூட்ல சோறு ஆக்குவாங்களா?” அம்மா யோசிப்பது போல நின்றுவிட்டு, “தின்னுவாங்க” என்பாள்.

நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு, இலுப்பை என்று வைத்தோம். முதல் இரண்டு கோடையில் கன்றுகள் நிறையப் பட்டுப்போயின. பட்டதைப் பிடுங்கி மறுபடி வைத்தோம். மூன்றாவது வருஷம் புங்கன்கள் தலைக்கு மேலே போய்விட்டன, பாதையில் துண்டு துண்டாக நிழல் விழுந்தது. நத்தைக்குத்தி நாரைகள் வந்தன. நீர்க்காகங்கள் எதிர்க்கரையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. நாமக்கோழி குஞ்சுகளோடு நாணலுக்குள் புகுந்து வெளியே வருவதை முதன்முதலில் பார்த்துச் சொன்னது தண்ணீர் ஊற்றும் பெண்கள்தான். நகரியத்திலிருந்து காலையும் மாலையும் ஆட்கள் நடக்க வந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கம் வராதவர்கள், மருமகளோடு பேசாத மாமியார்கள், எல்லோரும். அரசு ஒரு பெயர் வைத்தது, எங்கள் அமைப்பு ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் அதை வாக்கிங் கரை என்றார்கள். அதுதான் நின்றது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் நான்தான் விளக்கிச் சொல்லுவேன். வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். நிழல் விழுந்தால் தண்ணீர் சூடேறாது, மீன் தங்கும். மீன் தங்கினால் பறவை தங்கும். ஏரிக்கும், சுரங்க மண்மேட்டில் வளர்த்திருக்கும் காட்டுக்கும் நடுவில் முன்பு மறைவே கிடையாது. கீரியும் உடும்பும் தார் ரோட்டில் லாரியில் அடிபட்டுக் கிடக்கும். இப்போது பாலத்துக்கு அடியில் புதரோடு புதராக அவை போய் வருகின்றன. இது நமக்குப் பாதை, அவற்றுக்கும் பாதை. இப்படி நான் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், பின்னால் குடத்தோடு நின்ற அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“கீரிக்குப் பாஸ் வேணாமா மேடம்?”

பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். அம்மா சிரித்தாளா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

மரங்கள் தாமாகவே நிற்கும் அளவுக்கு வேர் பிடித்ததும் தண்ணீர் ஊற்றும் காண்ட்ராக்ட் முடிந்தது. பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். கோட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுடையது தோளில் கிழிந்திருந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவள் அதைத் தைத்து, துவைத்து மடித்து வைத்தாள்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அம்மா மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் “தெரியுதுங்க” என்றாள். தினமும் நடக்க வேண்டும், ஆனால் கல்லும் முள்ளும் இல்லாத இடத்தில், காலைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும் என்றார். எங்கள் காலனி ரோட்டில் சாம்பல் லாரியும் மண் லாரியும் ஓயாமல் போகும், ஓரமெல்லாம் ஜல்லி. நடக்க ஒரு இடம் உண்டென்றால் அது கரைதான். என் போர்டு நிற்கிற கரை.

வா என்றேன். சும்மா நடக்க வெட்கமாக இருக்கிறது என்றாள். அவள் வாழ்க்கையில் எங்காவது போவதற்காக நடந்திருக்கிறாள், எதையாவது சுமந்து நடந்திருக்கிறாள். நடப்பதற்காக நடந்ததில்லை. “பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வரதுக்கு இன்னாத்துக்குப் போவணும்?” என்று கேட்டாள். அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். ஜெபமாலையின் ஐந்து தேவ ரகசியமும் சொல்லி முடியும் இடத்தில் புயலுக்குத் தப்பிய ஒரு பெரிய நாவல் இருந்தது, அங்கே திரும்பிவிட வேண்டும். அப்போது அது நடை இல்லை, ஜெபம். வெட்கம் போய்விட்டது.

ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

நான் எவ்வளவோ சொன்னேன். இங்கே யாருக்கும் பாஸ் கிடையாது, யாரும் யாரையும் நிறுத்துவது கிடையாது என்றேன். செக்யூரிட்டி அண்ணனையே சொல்லவைத்தேன். அவர் பாவம், “வாங்கம்மா, நீங்க எப்ப வேணா வாங்க” என்றார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு மறுநாளும் கோட்டோடு வந்தாள். அவர் நல்லவர், நாளைக்கு வேறு ஆள் உட்காருவான் என்பது அவள் கணக்கு. கோட்டு இருந்தால் எவனும் கேட்கமாட்டான். எங்கள் பக்கத்தில் அது பொய்யில்லை. ஆரஞ்சு கோட்டு போட்ட பெண்ணை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கோட்டு போட்டால் அதற்குத் தக்க நடந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. பாதையின் ஓரமாகவே நடந்தாள். எதிரே ஆள் வந்தால் ஜெபமாலையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு குனிந்து ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைப் பொறுக்கினாள். நாலடிக்கு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம் என்று நான் அலுத்துக்கொள்வேன், ஒருநாளும் உட்காரவில்லை. கோட்டு போட்டவர்கள் பெஞ்சில் உட்காருவதில்லை. அவள் வேலை செய்த மூன்று வருஷத்திலும் பெண்கள் கரைச் சரிவில்தான் குந்திச் சாப்பிட்டார்கள்.

இருந்தாலும் நடந்தாள். சர்க்கரை இறங்கியது. மறுமுறை பார்த்த டாக்டர் இதையே விடாமல் செய்யுங்கள் என்றார். அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இரவில் சாப்பிடும்போது கரைச் செய்திகள் சொல்லுவாள். பாலத்துக்கடியில் கீரி குட்டி போட்டிருக்கிறது. நாமக்கோழிக் குஞ்சில் ஒன்றைக் காணோம். மயில் ஒன்று நடக்க வந்தவர்களுக்கு முன்னாலேயே, அது முன்னே, இவர்கள் பின்னே என்று போய்க்கொண்டிருந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அதுக்கும் சக்கரையா?” என்று கேட்டார்.

மழைக்கு முந்தைய ஒரு சாயங்காலம். நான் நாரைகளை எண்ணிவிட்டுப் பைனாகுலரோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நாவல் மரத்துக்கு இந்தப் பக்கம், நகரியத்தில் பெரிய குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு அம்மாள் நின்றிருந்தார். தினமும் வருகிறவர்தான், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கயிற்றில் ஒரு சின்ன நாய். என்னைப் பார்த்தால் பறவைகளைப் பற்றிக் கேட்பார். கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் அம்மாவிடம் பாதையைக் காட்டி, தணிந்த குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாய் அசிங்கம் பண்ணிடுச்சும்மா. கொஞ்சம் எடுத்துப் போட்டுடறியா? யாராவது மிதிச்சுடுவாங்க.”

அம்மா புங்க இலை நாலைந்தைப் பறித்தாள். ஜெபமாலை கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, தலைவழியாகக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குந்தி, இலையால் அதை வழித்து எடுத்தாள். குந்தும்போது ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

நான் கிட்டே போய்விட்டேன்.

“அவங்க வேலைக்கு வரலைங்க. உங்கள மாதிரி நடக்க வந்திருக்காங்க. எங்க அம்மா” என்றேன்.

அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்தேன். “சாரிம்மா, கோட்டைப் பார்த்துட்டு...” என்று என்னவோ சொல்லி, இலைப் பொட்டலத்தை அம்மா கையிலிருந்து வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. நடக்க வந்த இன்னும் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. மேடம் என்றும் கூப்பிடவில்லை.

வீடு வரும் வரை சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வாசலில் இறங்கிய பிறகு சொன்னாள்.

“அந்தக் கோட்ட நம்பித்தான் நடந்துகினு இருந்தேன். எல்லாருக்கும் முன்னால நீ அதக் கழட்டிட்ட, பாப்பா.”

மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், அந்த அம்மாளே உன்னைக் கேட்டார் என்று சொன்னேன். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. இப்போது கேட்டுக்குள் நுழைந்தால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு வராத ஆள் என்று தெரியும். ஜெபமாலையை வீட்டிலேயே சொன்னாள். ஐந்து ரகசியத்துக்கும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு காலனி ரோட்டில் கோயில் வரை போய்த் திரும்பினாள். ஜல்லி ரோடு. எப்போது குத்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ஈரக் கறை இருப்பதைப் பார்த்து அப்பாதான் காலைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் புண் ஆழமாகிவிட்டது.

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கரையிலேயே நடந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அதை யாரும் சொல்ல முடியாது என்றார். நான் அன்றைக்குச் சொன்னது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. என் அம்மாவை என் அம்மா என்று நான் எந்தக் கேட்டிலும் சொல்லுவேன். ஆனால் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, இது எல்லோருக்கும் பாதை என்ற இடம் வந்தால் என் குரல் முன்பு போல வரவில்லை. மரங்கள் வளர்ந்துகொண்டேதான் இருந்தன. அந்த வருஷம் நாரைகள் முன்னெப்போதையும்விட அதிகமாக வந்தன. நான் அவற்றை எண்ணினேன்.

புண் ஆறி, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த மெத்தைச் செருப்பு போட்டுக்கொண்டு அம்மா எழுந்து நடக்க மாதங்கள் ஆயின. அதற்குள் எங்கள் அமைப்பின் வேலை முடிகிற நேரம் வந்துவிட்டது. எனக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மா தானாகவே கேட்டாள்.

“நீ இருக்கும்போதே ஒருவாட்டி மரத்தப் பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் என்னிய யாரு வுடுவா?”

கோட்டு கழன்றதும் என் கழுத்து அட்டையைத்தான் பாஸாக நினைத்திருக்கிறாள். இல்லையம்மா, யாரும் விடவேண்டியதே இல்லை, என்று மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். சரி வா என்றேன்.

கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். செக்யூரிட்டி நாற்காலியில் வேறு ஆள் இருந்தான். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டும் வரை அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வையில் படும்படி என் அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை அதைத் திருப்பியும் விட்டாள்.

நாவல் வரை போக முடியவில்லை. அவள் தண்ணீர் ஊற்றிய நீர்மருதுகள் வரை போனோம். குடத்தோடு நின்று அவள் குனிந்து பார்த்த கன்றுகள் இப்போது நிமிர்ந்து பார்க்கும் உயரம். ஒன்றின் அடிமரத்தைக் கையால் தடவினாள். எதிர்க்கரையில் நாரைகள் இரை தேடாமல், பறக்காமல் சும்மா நின்றன. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உட்கார் என்றேன். பெஞ்சைப் பார்த்தாள். முந்தானையால் ஓரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மட்டும், நுனியில், உட்கார்ந்தாள். இந்தக் கரையில் எத்தனை வருஷம், இப்போதுதான் பெஞ்சில் உட்காருகிறாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாதை வளைவில் அந்த அம்மாள் நாயோடு வந்துகொண்டிருந்தார். அம்மா பார்த்துவிட்டாள். எழுந்திருக்கப் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் ஊன்றினாள். கால் விடவில்லை. மறுபடி ஊன்றினாள். அதற்குள் அவர் எங்களுக்கு நேரே வந்துவிட்டார். அம்மாவின் புடவையை, செருப்பை, என்னைப் பார்த்தார். “உடம்பு தேவலையா?” என்று கேட்டார். அம்மா உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். அவரும் கும்பிட்டுவிட்டு, நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இன்னும் விளிம்பில் ஊன்றியிருந்தன.

“போய்ட்டாங்களா?” என்றாள்.

போய்விட்டார் என்றேன். அம்மா கைகளை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக, பெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.